கைமாறும் இடத்தில் காவல்

மருத்துவமனை என்பது ஒரே கூரையின்கீழ் அமைந்த பல வீடுகள் எனலாம். நோயாளியின் பெயரைப் பதிவு செய்பவர் ஓரிடத்தில். நாடி பிடிப்பவர் ஓரிடத்தில். குருதியைச் சோதிப்பவர் ஓரிடத்தில். கத்தி எடுப்பவர் ஓரிடத்தில். மருந்தை அளப்பவர் ஓரிடத்தில். கஞ்சி காய்ச்சுபவர் ஓரிடத்தில். ஒவ்வொரு வீட்டிலும் வல்லவர்கள் இருக்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் பணியைப் பழுதின்றிச் செய்யவும் செய்யலாம். அப்படியிருந்தும் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்துவிடுகிறது. மருத்துவர் சொன்னது ஒன்று, மருந்தகத்தார் கேட்டது வேறொன்று. சோதனைக்கூடம் ஒன்றைக் கண்டது, அதை அறிய வேண்டியவரோ அறியாமலே இருந்தார். இரவுப் பணியாளர் விடைபெறும்போது சொல்ல மறந்த ஒரு சொல், விடிவதற்குள் ஓர் உயிரின் விலையாயிற்று. இத்தகைய பிழைகள் அறைகளுக்குள்ளே பிறப்பவை அல்ல. ஓர் அறையின் பொறுப்பு முடிந்து மற்றோர் அறையின் பொறுப்பு தொடங்குகிறதே, அந்த வாசற்படியில் பிறப்பவை.

இக்குறையை இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளோடு பிறந்த புதுக்குறை என்று கருதுவோர் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. மருத்துவமனை எந்நாளில் பல பிரிவுகளாகப் பிரிந்ததோ அந்நாளிலேயே இந்தச் சிக்கலும் பிறந்தது. அதைத் தீர்க்கும் முயற்சியும் உடன் பிறந்தது. அம்முயற்சியின் சில படிகளைக் காண்போம்.

பிரிவுகள் பிறந்த காலம்

நோயுற்றோரின் இல்லம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் 'பீமாரிஸ்தான்'. அரபு நாடுகளின் பழைய மருத்துவமனைகள் அப்பெயராலேயே வழங்கின. ஹிஜ்ரி 372-இல், அதாவது கி.பி. 982-இல், பக்தாதில் புவைஹி அரசர் அளுதுத் தவ்லா நிறுவிய அளுதீ மருத்துவமனையில் தொடக்கத்திலேயே இருபத்துநான்கு மருத்துவர்கள் பணியாற்றியதாக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். உடல்நோய் மருத்துவர், கண் மருத்துவர், அறுவை மருத்துவர், எலும்பு கட்டுவோர் என அவர்கள் பிரிந்து நின்றார்கள். ஹிஜ்ரி 683-இல் (கி.பி. 1284) கெய்ரோவில் எழுந்த மன்ஸூரீ மருத்துவமனையோ இப்பிரிவினையைக் கட்டடத்திலேயே வடித்துக் காட்டியது. காய்ச்சலுக்கு ஒரு கூடம், கண்நோய்க்கு ஒரு கூடம், காயம்பட்டோருக்கு ஒரு கூடம், வயிற்றுப்போக்கிற்கு ஒரு கூடம், பெண்களுக்குத் தனிப்பகுதி. இவற்றோடு சமையற்கட்டும், மருந்து கூட்டும் இடமும், தலைமை மருத்துவர் பாடம் நடத்தும் இடமும் அங்கே அமைந்திருந்தன.

பிரிவு என்பது அறிவின் வளர்ச்சிக்கு அடையாளம். கண்ணையே நாள்தோறும் பார்ப்பவன் கண்ணை நன்கறிவான். ஆனால் பிரிவு ஒன்றுக்கு இரண்டு சுவர்களும் ஒரு வாசலும் தேவை. மருத்துவரின் ஆணை அந்த வாசலைத் தாண்டி மருந்து கூட்டுபவரிடமும், சமையற்காரரிடமும், இரவில் கண்விழிக்கும் பணியாளரிடமும் சிதையாமல் போய்ச் சேரவேண்டும். அதற்கு என்ன வழி செய்தார்கள்?

டமாஸ்கஸின் காலை நேரம்

டமாஸ்கஸைக் கி.பி. 1154-இல் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த நூருத்தீன் ஸங்கீ அந்நகரில் ஒரு மருத்துவமனையைக் கட்டுவித்தார். நூரீ மருத்துவமனை எனப் பெயர்பெற்ற அக்கட்டடம் 1978-ஆம் ஆண்டில் அரபு மருத்துவ, அறிவியல் அருங்காட்சியகமாக்கப்பட்டது. கி.பி. 1184-இல் டமாஸ்கஸுக்கு வந்த ஆந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், நாளொன்றுக்குப் பதினைந்து தீனார் அளவுக்குச் செலவிடும் அம்மருத்துவமனையைத் தம் பயண நூலில் விவரிக்கிறார். அவர் கண்ணில் முதலில் பட்டவை எவை தெரியுமா? பதிவேடுகள்! நோயாளிகளின் பெயர்களும், அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவு முதலியவற்றின் செலவும் எழுதப்பட்ட ஏடுகள் அலுவலர் கையில் இருந்தன. மருத்துவர்கள் அதிகாலையில் வந்து நோயாளிகளைப் பார்வையிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்ற மருந்தையும் உணவையும் ஆயத்தம் செய்யுமாறு பணித்தார்கள்.

இக்காட்சியின் மறுபாதியை, மருத்துவர்களின் வரலாறுகளைத் தொகுத்தளித்த இப்னு அபீ உஸைபிஆ (மறைவு கி.பி. 1270) நமக்குத் தருகிறார். நூருத்தீன் தம் மருத்துவமனையை அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம் என்னும் மருத்துவரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது தனியே செல்வதில்லை. மேற்பார்வையாளர்களும் பணிவிடை செய்வோரும் அவருடன் செல்வார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இன்ன மருந்து, இன்ன பத்தியம் என்று அவர் எழுதுவதெல்லாம் சுணக்கமின்றி நிறைவேற்றப்படும். பின்னர் அவர் கோட்டைக்குச் சென்று அங்குள்ள நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மீண்டும் மருத்துவமனைக்கு வந்து கூடத்தில் அமர்ந்து மாணவர்களுக்கு மூன்று மணி நேரம் பாடம் சொல்வார்.

இச்சிறு குறிப்பில் மூன்று ஏற்பாடுகள் அடங்கியுள்ளன. முதலாவது, ஆணை எழுத்தில் அமைந்தது. இரண்டாவது, அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் ஆணை பிறக்கும் இடத்திலேயே, நோயாளியின் கட்டிலருகிலேயே உடன் நின்றார்கள். மூன்றாவது, எழுதியதற்கும் செய்ததற்கும் இடையே காலதாமதம் புகவில்லை. சொல் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை திரிபுக்கு இடமுண்டு. கை மாறும் எண்ணிக்கையைக் குறைத்தது அந்தக் காலைச் சுற்றின் சிறப்பு.

ஒரு பெயருக்கு ஒரு பொருள்

மருத்துவருக்கும் மருந்தகத்துக்கும் இடையிலுள்ள வாசல் எல்லாவற்றினும் ஆபத்தானது. கூட்டு மருந்தொன்றின் பெயரை மருத்துவர் எழுதுகிறார். அப்பெயரால் அவர் கருதும் சரக்குகளும் எடையும், மருந்து கூட்டுபவர் கருதும் சரக்குகளும் எடையும் வேறாயின், இருவரும் நேர்மையாக உழைத்தும் நோயாளி கெடுவார். இதற்கு மருந்தாக வந்ததுதான் 'அக்ராபாதீன்' எனப்படும் கூட்டு மருந்து நூல்.

கி.பி. 869-இல் மறைந்த ஸாபூர் இப்னு ஸஹ்ல் இயற்றிய அக்ராபாதீன் மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் நெடுங்காலம் வழங்கிவந்தது. பின்னர், பக்தாத் அளுதீ மருத்துவமனையின் தலைமை மருத்துவராயிருந்த இப்னுத் தில்மீத் (மறைவு கி.பி. 1165) எழுதிய நூல் அதன் இடத்தைப் பெற்றது. இருவருமே கிறிஸ்தவர்கள். அம்மருத்துவமனைகளில் அறிவுக்கு இருந்த மதிப்பு இதனால் விளங்கும். கி.பி. 1260-இல் கெய்ரோவில் யூத மருந்தாளர் கோஹன் அல்அத்தார் என்பவர் தம் மகனுக்கு வழிகாட்டியாக மற்றொரு மருந்து நூலை எழுதினார். மருத்துவரும் மருந்தாளரும் ஒரே நூலைத் திறந்து வைத்திருக்கும்போது, ஒரு பெயர் ஒரே பொருளைக் குறிக்கிறது. இரு துறைகளுக்கு இடையிலான பிழையைத் தவிர்க்க அவ்விரண்டுக்கும் பொதுவானதொரு மொழி வேண்டும் என்ற உண்மையை அந்நூல்கள் செயலில் காட்டின.

சமையற்கட்டும் விதிவிலக்கன்று. பத்தியம் மருத்துவத்தின் பாதி என்று கருதிய காலம் அது. மன்ஸூரீ மருத்துவமனையை நிறுவிய சுல்தான் கலாவூன், தாம் தளபதியாயிருந்த நாளில் டமாஸ்கஸில் நோயுற்று, நூரீ மருத்துவமனையிலிருந்து வரவழைத்த மருந்தால் குணமடைந்தவர். ஆட்சி கைக்கு வந்தால் அதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர். அவர் எழுதிவைத்த வக்ஃபு சாசனம், நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்திரத்தில் உணவு தரவேண்டும், அதில் வேறொருவர் பங்கு கொள்ளலாகாது, பாத்திரத்தை மூடியே கொண்டுசென்று உரியவரிடம் சேர்க்கவேண்டும், காலையும் மாலையும் அவரவர்க்கு விதிக்கப்பட்டதை அவரவர் முழுமையாகப் பெறும்வரை கவனிக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஒருவருக்கு விதித்த உணவு மற்றொருவர் வாய்க்குப் போகாமலிருக்க ஓர் அரசரின் அறச்சாசனமே பாத்திரத்தையும் மூடியையும் பற்றிப் பேசுகிறது! பெரிய அறங்கள் இத்தகைய சிறிய ஏற்பாடுகளால் தாம் உயிர் வாழ்கின்றன.

உறவினர் கையில் ஒரு படி

கடைத்தெருவையும் தொழில்களையும் மேற்பார்வையிட்ட அலுவலர் 'முஹ்தஸிப்'. அவருக்கு வழிகாட்டியாக எழுதப்பட்ட நூல்களில் மருத்துவருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்ஷைஸரீயின் நூலிலும், அதனைப் பின்பற்றி எகிப்தின் இப்னுல் உகுவ்வா (மறைவு கி.பி. 1329) எழுதிய நூலிலும் ஒரு விதி காணப்படுகிறது. மருத்துவர் நோயாளியிடம் நோயின் காரணத்தையும் வலியையும் கேட்டறிந்து, மருந்தை வகுத்து, நோயாளி சொன்னதையும் தாம் விதித்ததையும் எழுதி, உடனிருந்தோரைச் சாட்சியாக்கி, அதன் படியை உறவினரிடம் கொடுக்கவேண்டும். மறுநாளும் அவ்வாறே, அதற்கு அடுத்த நாளும் அவ்வாறே. நோயாளி குணமடைந்தால் மருத்துவர் தம் கூலியைப் பெறுவார். இறந்துவிட்டால் உறவினர் அப்படிகளையெல்லாம் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். முறை தவறாமல் மருத்துவம் நடந்திருப்பின் அவர் அதைச் சொல்லி அவர்களைத் தேற்றுவார். கவனக்குறைவு வெளிப்படின், உயிருக்கான ஈட்டுத்தொகையை அம்மருத்துவரிடமே பெற்றுக்கொள்ளச் சொல்வார்.

நாள்தோறும் எழுதும் குறிப்பு, அதன் படி நோயாளியின் தரப்பில் இருத்தல், மூன்றாமவர் ஒருவர் அதனைச் சீர்தூக்குதல் என்ற மூன்றையும் இவ்விதி இணைத்தது. எனினும் இதன் எல்லையையும் நாம் உணரவேண்டும். இது தனியொரு மருத்துவரை எடைபோடும் தராசு. இருவரும் குற்றமற்றவராயிருக்க, இருவருக்கும் இடையே விழுந்து உடைந்ததை எடைபோட இத்தராசில் தட்டு இல்லை. பிரிவுகள் நான்கைந்தாக இருந்தவரை அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

பேரேடுகளின் காடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிவுகளை நாற்பதாக்கத் தொடங்கியது. நுண்ணோக்கி சோதனைக்கூடத்தைக் கொணர்ந்தது. மயக்க மருந்து அறுவைக்கூடத்தை விரிவாக்கியது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் இருட்டறை ஒன்றைக் கொணர்ந்தது. புதுக் கருவி ஒவ்வொன்றும் ஒரு புது அறை. புது அறை ஒவ்வொன்றும் ஒரு புதுப் பேரேடு. நோயாளி ஒருவரே. அவர் வரலாறோ ஏழெட்டு ஏடுகளில் சிதறிக் கிடந்தது. பழைய பீமாரிஸ்தானின் காலைச் சுற்றைப்போல எல்லோரும் ஒரே கட்டிலருகில் கூடி நிற்பது இனி இயலாததாயிற்று. ஆட்கள் கூட இயலாதபோது எது கூடவேண்டும்? ஏடுகள் கூடவேண்டும். இதனை முதன்மையாக உணர்ந்து செயலாக்கிய இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் சிற்றூர். அங்கே வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ என்னும் அறுவை மருத்துவச் சகோதரர்கள் நடத்திய மேயோ மருத்துவமனை.

1901-இல் ஹென்றி ப்ளம்மர் என்னும் இளம் மருத்துவர் அங்கே சேர்ந்தார். கழுத்துச் சுரப்பி நோய்களில் பேரறிஞர். எந்திரங்களிலும் கட்டடக் கலையிலும் தீராத நாட்டமுடையவர். அம்மருத்துவமனையில் ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் பேரேட்டில் குறித்துவந்தார்கள். அறுவை நடந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் குறிப்புகள் தனி. சோதனைக்கூடத்தின் முடிவுகள் தனி. ஈராண்டு கழித்து அதே நோயாளி திரும்பி வந்தால், அவர் யாரிடம் காட்டினார், என்ன கண்டார்கள் என்று ஏடு ஏடாகப் புரட்டவேண்டும். தேடிக் கிடைக்காதது இல்லாததற்குச் சமமாயிற்று.

ப்ளம்மர் 1907-இல் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். வரும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவ்வெண்ணுக்கு ஓர் உறை. மருத்துவரின் குறிப்பு, சோதனை முடிவு, அறுவை விவரம், மருத்துவமனையில் தங்கிய நாட்களின் செய்தி ஆகிய யாவும் அந்த ஓர் உறைக்குள் சேரவேண்டும். அவர் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் எண் மாறாது. மேபல் ரூட் என்னும் பெண்மணி இவ்வேடுகளை வகைப்படுத்தி, வேண்டியதை வேண்டியபோது எடுத்துத் தரும் அட்டவணை முறையை உருவாக்குவதில் அவருக்குத் துணைநின்றார். மருத்துவர்களின் உடைமையாயிருந்த ஏடு, இம்மாற்றத்தால் நோயாளியைச் சார்ந்த ஏடாயிற்று. 'என் பேரேட்டில் இவர்' என்றிருந்த நிலை போய், 'இவர் ஏட்டில் என் குறிப்பு' என்ற நிலை வந்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தே தீரவேண்டும். தாம் எழுதுவதை அடுத்தவர் படிப்பார் என்றறிந்தே எழுதவேண்டும்.

ஏடு ஒன்றாயிற்று, அது நோயாளிக்கு முன்பாக அடுத்த அறைக்குப் போய்ச் சேரவேண்டுமே! 1914-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தை ப்ளம்மர் அதற்கேற்பவே வகுத்தார். ஏடுகளைத் தளத்துக்குத் தளம் எடுத்துச் செல்லும் பொறிகளும் காற்றழுத்தக் குழாய்களும் சுவர்களுக்குள் அமைந்தன. உள்ளே நோயாளி காத்திருக்கிறாரா, மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பதை அறைவாசலில் உள்ள அடையாளங்கள் தெரிவித்தன. 1928-இல் எழுந்த பெருங்கட்டடத்தில் இவையெல்லாம் மேலும் செம்மையுற்றன. அக்கட்டடம் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. ப்ளம்மரைச் சேர்த்துக்கொண்டதே அம்மருத்துவமனைக்குத் தாம் செய்த மிகச் சிறந்த பணி என்று மூத்த மேயோ பிற்காலத்தில் கருதினார். அறுவைக் கலையில் உலகப்புகழ் எய்திய ஒருவர், ஓர் உறையும் ஓர் எண்ணும் தந்த மனிதரை அவ்வளவு உயர்வாக எண்ணினார் என்பது நினைக்கத்தக்கது.

பிழையை எண்ணியவர்

அதே ஆண்டுகளில் பாஸ்டன் நகரில் மற்றொரு மருத்துவர் வேறொரு வழியில் உழைத்தார். எர்னஸ்ட் காட்மன் என்பது அவர் பெயர். நோயாளி வீடு திரும்பியதும் மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஓராண்டு கழித்து அவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டு எழுதவேண்டும். நலம் விளையவில்லையாயின் ஏன் விளையவில்லை என்றும் எழுதவேண்டும் என்பது அவர் கொள்கை. தம் பெரிய மருத்துவமனை இதற்கு இணங்காததால் 1914-இல் அங்கிருந்து விலகினார். தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளிடம் நேர்ந்த 123 பிழைகளை வகைப்படுத்தி அச்சிட்டு வெளியிட்டார். மறைத்திருந்தால் புகழ் கிடைத்திருக்கும். வெளியிட்டதால் நண்பர்களை இழந்தார். 1940-இல் மறைந்த அவருடைய அடக்கத்தலத்தில் 2014 வரை ஒரு நினைவுக்கல்கூட இல்லை. பிழையை எண்ணத் துணியாத நிறுவனம் பிழையைக் குறைக்கவும் இயலாது என்பதை உலகம் உணர அத்தனை காலம் ஆயிற்று.

1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் இறப்போர் 44,000 முதல் 98,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அவ்வறிக்கையின் சாரம், தவறியவரைத் தேடுவதோடு நில்லாமல் தவறு நுழைந்த வழியைத் தேடுங்கள் என்பதே. முஹ்தஸிபின் தராசில் இல்லாத தட்டு ஒருவாறு வந்து சேர்ந்தது.

சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல்

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனை இதற்கோர் எடுத்துக்காட்டு. இதய அறுவை முடிந்த குழந்தையை அறுவைக்கூடத்திலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் அச்சில நிமிடங்களில் குழாய்களும் கருவிகளும் மாறுகின்றன, பொறுப்பும் மாறுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அம்மருத்துவர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்பது வியப்புக்குரியது. பந்தயக் காரின் சக்கரங்களை நொடிப்பொழுதில் மாற்றும் ஃபெராரி அணியினரிடம்! அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை, ஒருவருக்கே தலைமை, வீண்பேச்சு இல்லை. அதைப் பின்பற்றி, முதலில் கருவிகளை மாற்றுவது, அது முடிந்தபின்னரே செய்தியைச் சொல்வது, ஒருவர் சொல்லும்போது மற்றவர் கேட்பது என வரிசை வகுத்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு மாற்றத்துக்குச் சராசரி 5.42 ஆக இருந்த செயற்பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. சொல்லாமல் விடுபட்ட செய்திகள் 2.09-இலிருந்து 1.07 ஆயின.

2014-இல் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இன்னும் பெரியது. பணிமுறை முடிந்து செல்லும் மருத்துவர், வருபவரிடம் ஐந்து செய்திகளை வரிசை மாறாமல் கூறவேண்டும் என்று விதித்தார்கள்: நோயின் கடுமை, நோயாளியின் சுருக்க வரலாறு, செய்யவேண்டியவை, எதிர்பார்க்கத்தக்க இடர்கள், ஐந்தாவதாக, கேட்டவர் தாம் கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். 10,740 நோயாளிச் சேர்க்கைகளைக் கணக்கிட்டபோது பிழைகள் 23 விழுக்காடும், தவிர்க்கத்தக்க தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்திருந்தன. இதற்காகக் கூடுதலாகச் செலவான நேரமோ குறிப்பிடத்தக்க அளவினதன்று.

ஐந்தாவது விதியை நோக்குமிடத்து, பழைய அரபுக் கல்விக்கூடங்களின் வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. மாணவன் ஒரு நூலைப் படியெடுத்தால் வேலை முடிந்துவிடாது. மூலத்தோடு ஒப்புநோக்கவேண்டும், ஆசிரியர் முன்னிலையில் அதை உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அவர் கேட்டு ஒப்பிய பின்னரே அப்படிக்கு மதிப்பு. 'முகாபலா' என்பது அந்த ஒப்புநோக்கலின் பெயர். சொல் கைமாறும் இடத்தில்தான் அது சிதையும் என்பதை அறிந்தவர்கள், கைமாறும் அவ்விடத்திலேயே காவல் வைத்தார்கள். நூலுக்கு அவர்கள் வைத்த காவலை நோயாளிக்கும் வைக்க மருத்துவ உலகம் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது.

இன்று ப்ளம்மரின் உறை கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. எண் மட்டும் மாறவில்லை. ஒரு நோயாளிக்கு ஓர் எண் என்பதே விதி. ஆனால் கணிப்பொறித் திரையில் செய்தி இருப்பது வேறு. அதை அறிய வேண்டியவர் அறிவது வேறு. ஏடு கைமாறிவிட்டது என்பதனால் பொருளும் கைமாறிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. டமாஸ்கஸில் மருத்துவருடன் நடந்த பணியாளரும், கெய்ரோவில் பாத்திரத்தை மூடி எடுத்துச் சென்றவரும், ராச்செஸ்டரில் உறையை அடுக்கிய பெண்மணியும், லண்டனில் கேட்டதைத் தெளிந்து பொறுப்பேற்ற செவிலியரும் செய்த பணி ஒன்றுதான். தம் அறையின் வேலை முடிந்ததும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடுத்த அறை பெற்றுக்கொண்டதா என்று நின்று பார்த்தார்கள். மருத்துவமனை எவ்வளவு பெரிதாயினும், அந்நின்று பார்க்கும் ஒரு கணத்தில்தான் பல உயிர்கள் பிழைக்கின்றன.